நெஞ்சு உயரத்தில் ஒரு கயிறு

எனக்குப் பிடிக்காதவர்களைப் பற்றி எழுதும்போது என் நடை நன்றாக வருகிறது என்று என் மனைவி சுமதி சொல்வாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கணக்குப்படி இந்தக் கட்டுரை மிகச் சிறப்பாக அமைய வேண்டும். ஆரணியில் எங்கள் வீட்டு மாடியில் சில ஆண்டுகள் குடியிருந்தவரைப் பற்றியது இது. பெயர் வேண்டாம். அவர் யாருடைய பெயரையும் நினைவில் வைத்துக்கொண்டதில்லை. நான் மட்டும் ஏன் சிரமப்பட வேண்டும்?

வேறு மாநிலத்தில், காடுகள் தொடர்பான ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளியியல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனுக்குப் போளூரில் வங்கி உத்தியோகம். மகன் போளூரில் இருக்கும்போது அப்பா ஏன் ஆரணியில் வாடகைக்கு வீடு தேடுகிறார் என்று அட்வான்ஸ் வாங்கும் அவசரத்தில் நான் யோசிக்கவில்லை. முதல் மாத முடிவில் புரிந்துவிட்டது. மகன்மேல் எனக்கு மரியாதையும் வந்துவிட்டது.

அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை இதுதான். நிற்கிற மரத்தை வெட்டாமலே அதில் எவ்வளவு கட்டை இருக்கிறது என்று சொல்வது. ஒருநாள் சுமதியின் காய்கறிக் கூடையிலிருந்து ஒரு முள்ளங்கியை எடுத்து மேசைமேல் தலைகீழாக நிறுத்தி எங்களுக்கு விளக்கினார்.

"இது உருளையா? இல்ல. கூம்பா? அதுவும் இல்ல. அடியில பருத்து, நடுவுல கொஞ்ச தூரம் அப்படியே வந்து, நுனிக்குப் போகப் போக மெலியுது. மரமும் இப்படித்தான். இந்த மெலிவுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. அந்த ஒழுங்கைப் பிடிச்சுட்டா மரத்தைத் தொடவே வேணாம்."

அதை அவர் பிடித்திருந்தார். ஏராளமான மரங்களை வெட்டிப் போட்டு, அடிக்கு அடி பருமன் அளந்து, அத்தனையையும் ஒரே வளைகோட்டில் அடக்கியிருந்தார். வெட்டியதும் அளந்ததும் வேறு ஆட்கள். அடக்கியது இவர். அந்தக் கோடு கையில் இருந்தால் புதிய மரத்துக்கு இரண்டே அளவு போதும். ஒன்று, மனிதனின் நெஞ்சு உயரத்தில் மரத்தின் சுற்றளவு. மற்றொன்று, மரத்தின் மொத்த உயரம். எந்த உயரத்தில் எவ்வளவு பருமன், மொத்தம் எத்தனை கன அடி என்பதையெல்லாம் சமன்பாடு சொல்லிவிடும். அதில் ஓர் அழகு இருந்தது என்பதை எரிச்சலோடு ஒப்புக்கொள்கிறேன். முள்ளங்கியை அவர் திருப்பித் தரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

அவர் காட்டுக்குள் போனது ஒரே ஒரு தடவை. ஜீப் தூக்கிப் போட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டதாம். அத்தோடு விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்வார்.

இந்த இரண்டு அளவுப் பழக்கத்தை அவர் மரத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். மனிதர்களுக்கும் அதுதான். குடிவந்த அன்று என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார்.

"காலைல எப்ப எழுந்திருப்பீங்க?"

"ஏழு, ஏழரை ஆகும் சார்."

"என்ன பண்றீங்க?"

"ஸ்கூல்ல சரித்திரம் எடுக்கறேன். பத்திரிகையில நகைச்சுவைக் கட்டுரை எழுதறேன்."

"சரி, புரிஞ்சுது" என்றார். உண்மையிலேயே புரிந்துவிட்டது போல. அதன் பிறகு அவர் என்னைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. சோம்பேறி, எதையும் ஊதிப் பெருக்குகிறவன் என்று என் வளைகோடு வரையப்பட்டுவிட்டது. டாக்டர் சொன்னாரென்று நான் விடியற்காலை நடைக்குப் போக ஆரம்பித்தபோது, மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன், ராத்திரி தூக்கமே இல்லையா?" தினமும் கேட்டார். தினமும் நான் தூங்காதவனாகவே நடந்தேன்.

முதல் தடவை சுமதி கொடுத்த சாம்பாரில் உப்பு குறைவு. இரண்டாவது தடவையும் குறைவு. மூன்றாவது தடவையிலிருந்து, கிண்ணத்தைக் கையில் வாங்கியதும் ருசி பார்க்காமலே உப்பு போட்டுக்கொள்வார். ஒருநாள் சுமதி வேண்டுமென்றே ஒரு கை உப்பைக் கூடப் போட்டுக் கொடுத்தாள். அவர் வழக்கம்போல் அதற்கு மேலும் போட்டுச் சாப்பிட்டார். "இப்பதான் சரியா இருக்கு" என்றார். சுமதி காலிக் கிண்ணத்தோடு கீழே வந்தாள். "இன்னாங்க, அந்தாளு நாக்குலகூட கணக்குதான் கீது" என்றாள்.

இதுவரைக்கும் சிரிப்புதான். பாத்திரம் தேய்க்க வந்த மல்லிகா விஷயத்தில் சிரிக்க முடியவில்லை. முதல் வாரத்தில் அவள் இரண்டு நாள் தாமதமாக வந்துவிட்டாள். மழை. அதோடு அவளுடைய கோடு முடிந்தது. பிறகு அவள் நேரத்துக்கு வந்த நாள்களிலும் மாடிக் கதவு அரை மணி நேரம் கழித்துத்தான் திறக்கும். அவள் படியில் உட்கார்ந்திருப்பாள். "எப்படியும் லேட்டாத்தானே வருவா, நான் குளிக்கப் போயிட்டேன்" என்பார். அவள் படியில் உட்கார்ந்திருப்பதை அவரிடம் சொன்னேன். "நீங்க எழுதுறவர்" என்றார்.

இந்த மனிதரிடம்தான் என் மைத்துனி கலா தன் குடும்பத்தின் விதியைக் கேட்டுவிட்டாள்.

கலா சுமதியின் தங்கை. முள்ளிப்பட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவளும் அவள் கணவர் சேகரும் ஆளுக்கொரு தறியில் பட்டு நெய்கிறார்கள். தறி இரண்டும் கூட்டுக் குடும்பத்து வீட்டில், குழி வெட்டிப் பதித்த தறிகள். சேகருக்கு ஓர் அண்ணன். அண்ணன் எதிரில் சேகர் உட்கார மாட்டார். பேசவும் மாட்டார். சொத்தைப் பிரித்துக்கொள்வது என்று முடிவானபோது, அங்கே வழக்கமான முறைப்படியே செய்தார்கள். அண்ணன் கூறு போட வேண்டும். தம்பி முதலில் எடுக்க வேண்டும்.

அண்ணன் இரண்டு கூறு போட்டார். ஒன்று, தறிகளோடு சேர்ந்த வீடு. மற்றொன்று, வீட்டுக்குப் பக்கத்திலிருந்த நீளமான காலி மனையும் அதிலிருந்த தேக்கு மரங்களும். கலாவுக்கு வீடு பழையது என்ற குறை ரொம்ப நாளாக உண்டு. மழை வந்தால் தறியிலிருக்கும் பாவு நூலை மூட ஓட வேண்டும். மரம் நல்ல கனத்தில் தேறினால் மனையை எடுத்துக்கொண்டு, அந்தத் தேக்கிலேயே உத்தரமும் கதவும் போட்டு, மிச்சத்தை விற்றுச் சுவர் எழுப்பிப் புதிதாகத் தறிக்கூடம் கட்டிவிடலாம். தேறாவிட்டால் தலைக்கு மேலே கூரையும் போய், தறிக் குழியும் போய்விடும். எது என்று அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

"மாமா, உங்க மாடியில கீறாரே, மரம் அளக்கறவரு, அவரைக் கேட்டுச் சொல்லுங்களேன்" என்று போனில் கலா கேட்டாள்.

கேட்டேன். அவர் முகத்தில் நான் முதன்முறையாக ஒரு மலர்ச்சியைப் பார்த்தேன். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு, மொத்த உயரம், இரண்டையும் அனுப்பச் சொன்னார். சேகர் டேப் பிடித்து அளந்து அனுப்பினார். உயரத்துக்குக் கைப்பேசியில் ஏதோ ஒரு செயலியை இறக்கிக்கொள்ள மாடிக்காரரே வழி சொன்னார். அன்று மாலையே விடை வந்துவிட்டது. மரத்துக்கு மரம், புள்ளி வைத்து மூன்று இலக்கம் வரைக்கும். கலா கணக்குப் போட்டதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கலா போனில் அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் சுமதியும் முள்ளிப்பட்டுக்குப் போனோம். மனையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் மரங்களைப் பார்த்தேன்.

அந்த மனை தெருவுக்கே பாவு கட்டும் இடம். பாவு என்கிற நீளவாட்டுப் பட்டு இழைகளைத் தறியில் ஏற்றுவதற்கு முன் வெளியில் முழு நீளத்துக்கும் விறைப்பாக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து சரிசெய்வார்கள். அதற்கு இரண்டு முனையிலும் அசையாத ஏதாவது வேண்டும். சேகரின் அப்பா இரண்டு முனையிலும் வரிசையாகத் தேக்கு வைத்தார். மரம் கொஞ்சம் பருத்ததும் ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு வளையத்தை வைத்துக் கயிறு சுற்றிக் கட்டிவிட்டார்கள். ஆள் நின்று வேலை செய்ய வசதியான உயரத்தில், இடுப்புக்குச் சற்று மேலே. அப்புறம் யாரும் அவிழ்க்கவில்லை. மரம் பருக்கப் பருக்கக் கயிறு உள்ளே போனது. கயிறு இறுக்கிய இடத்துக்கு மேலே மரம் வீங்கித் திரண்டு நின்றது. சரியாக நெஞ்சு உயரத்தில்.

உலகத்தில் மரம் அளக்கிறவர்கள் எல்லாரும் டேப்பைச் சுற்றுகிற அதே இடத்தில்.

முள்ளிப்பட்டுக்காரர்களுக்கு இதில் வியப்பே இல்லை. அவர்கள் பிறந்ததிலிருந்து பார்த்த தேக்கெல்லாம் இதுதான். "தேக்குன்னா தோள் இருக்கும் மாமா" என்றார் சேகர். அண்ணன் எதிரில் இல்லாததால் அவருக்குப் பேச்சு வந்தது. வெளியூரிலிருந்து வருகிறவன் கண்ணுக்குத்தான் அது உறுத்தும்.

திரும்பி வந்ததும் மாடிக்குப் போனேன்.

"சார், அந்த மரங்களுக்கு நெஞ்சுல ஒரு வீக்கம் இருக்குது. கழலை மாதிரி. அதுக்குக் கீழயும் மேலயும் அந்தப் பருமன் இல்ல."

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாத்தீங்களா, இல்ல எழுதுறீங்களா?"

"பாத்தேன் சார்."

"மரத்துக்குக் கழலை. அப்புறம் அதுக்கு ஒரு டாக்டர், மாத்திரை. உங்க பத்திரிகைக்கு நல்லா இருக்கும்."

"ஒரு நடை வந்து பாத்துடுங்க. ஸ்கூட்டர்ல கூட்டிகினு போறேன். பக்கம்தான்."

"நான் எதுக்கு? மரத்தைப் போய்ப் பாத்தா நமக்கு ஒரு பக்கச் சாய்வு வந்துடும். அளவு வந்தாச்சு. ரெண்டு அளவு போதும்."

"அளவு தப்பான எடத்துல எடுத்திருக்குது சார்."

"நெஞ்சு உயரத்துலதானே எடுத்தாங்க?"

"ஆமா."

"அப்ப சரியான எடம்தான்" என்றார்.

பிற்பாடு வேறொரு வனத்துறைக்காரரிடம் விசாரித்தேன். புடைப்பு இருந்தால் அதைத் தவிர்த்து மேலேயோ கீழேயோ அளக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருகிற விஷயமாம். இவர் முதல் நாள் ஜீப்பில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

கலாவிடம் சொன்னேன். அவளாவது கேட்பாள் என்று நினைத்தேன்.

"மாமா, நீங்க சும்மா இருங்க. எங்கூட்டுக்காரரு அவங்க அண்ணன் எதிர்ல உக்கார மாட்டாருன்னு நான் சொன்னதுக்கு, கல்யாணத்துல தாலி கட்டறப்பகூட நின்னுகினேதான் கட்டுனாருன்னு பத்திரிகையில எழுதுனவரு நீங்க. ஊரே என்னைக் கேட்டுச் சிரிச்சிது. அவரு படிச்சவரு, மெஷின்ல போட்டுப் பாத்திருக்காரு."

இத்தனை வருடம் யானையை எறும்பாகவும் எறும்பை யானையாகவும் எழுதிப் பெயர் வாங்கியிருந்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. நகைச்சுவை எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரம் கிடையாது.

வெள்ளிக்கிழமை, அண்ணன் வெற்றிலை மென்றபடி கேட்டார். "எது வேணும்டா?" சேகர் நின்றபடி கலாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்து "மனை" என்றார். அண்ணன் மெல்வதை நிறுத்திவிட்டார். "நல்லா யோசிச்சியா?" என்று இரண்டாம் தடவை அவர் கேட்டதை, அண்ணன் ஏமாற்றப் பார்க்கிறார் என்று கலா எடுத்துக்கொண்டாள். வேகமாகத் தலையை ஆட்டினாள்.

மரங்கள் வெட்டப்பட்டு வந்தவாசி ரோட்டிலிருந்த அறுவை மில்லுக்குப் போயின. அங்கே முதல் மரத்திலேயே ரம்பப் பல் இரண்டு தெறித்தது. உள்ளே இரும்பு வளையம். மில்காரர் விளக்கைப் பிடித்துக் காட்டினார். வீங்கிய இடத்தில் நார் முறுக்கிக்கொண்டு, நடுவில் மக்கிய கயிறு. பலகைக்கு உதவாது. அதற்கு மேலே மரம் ஒல்லி, கீழேயும் அவ்வளவு இல்லை.

"தொப்பை மட்டும் வெச்சிகினு இருந்திருக்குது சார்" என்றார் மில்காரர், அவர் பார்வை என் வயிற்றில் ஒரு கணம் தங்க. கலா எதிர்பார்த்ததில் பாதிகூடத் தேறவில்லை. உத்தரத்துக்கு நீளம் போதவில்லை. சுவருக்கு விற்க மிச்சமும் இல்லை. வீட்டுக்கு அண்ணன் ஏற்கெனவே பூட்டுப் போட்டுவிட்டார்.

கலாவும் நானும் மாடிக்குப் போனோம். கலா கதவோரம் நின்றாள். மில்லில் அளந்ததை நான் சொல்லச் சொல்ல அவர் ஆர்வமாகக் கணினியில் ஏற்றினார். எனக்கு ஒரு நப்பாசை. இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"எல்லாமே ஒரே பக்கமா சாயுது, என் கோட்டுக்குக் கீழயே" என்றார், திரையைப் பார்த்தபடி. "சுவாரசியமா இருக்கு." ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினார். முகம் தெளிந்தது. "எடுத்துட்டேன்."

"எதை சார்?"

"உங்க மரங்களை. இது எதோடயும் சேராத கேஸ். இதை எடுத்ததும் என் கோடு முன்னைவிட நல்லாப் பொருந்துது பாருங்க." திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"சார், அவங்க வீட்டை விட்டுட்டாங்க."

"தனி மரத்துக்கு இதுல உத்தரவாதம் கிடையாது. ஒரு மரத்துல கூடும், ஒரு மரத்துல குறையும். ஒரு காடுன்னு எடுத்துக்கிட்டா ஆவரேஜ்ல எல்லாம் சரியாப் போயிடும்."

கலா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "எங்களுக்குக் கொறஞ்சது எங்கியோ கூடிக்கும் இல்ல சார். அது யார் வூட்ல?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். நல்ல கேள்வி என்று நினைத்தாரோ என்னவோ. திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். படி இறங்கும்போது கலா என்னிடம், "ஒரு ஸாரின்னு சொல்றதுக்குக்கூட அந்த மெஷின்ல பட்டன் இல்ல போல மாமா" என்றாள்.

சுமதி ஒரே நாளில் முடிவெடுத்தாள். என் முன்னறையிலிருந்து புத்தக அலமாரிகள் வெளியேற்றப்பட்டன. அவை இப்போது படுக்கையறையில் கட்டிலுக்கு மூன்று பக்கமும் நிற்கின்றன. இரவில் திரும்பிப் படுத்தால் மொகலாய சாம்ராஜ்யத்தில் முழங்கை இடிக்கும். காலியான முன்னறையில் கலாவின் தறி வந்தது. மொசைக் தரையில் குழி வெட்ட முடியாது என்பதால், சட்டம் போட்டு நிற்கிற தறி. அந்தச் சட்டம், மில்லில் தேறிய தேக்கு. பார்டருக்கான இழைகளைத் தூக்குகிற ஜக்கார்டு பெட்டி தறிக்கு மேலே கூரையை ஒட்டி ஏறியது. கூரைக்கு மறுபக்கம் அவருடைய கட்டில்.

தினமும் காலையில் சேகரும் கலாவும், முள்ளிப்பட்டில் வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஆள் மாற்றி ஆள் நெய்வார்கள். ஒவ்வொரு மிதிக்கும் ஜக்கார்டு ஒரு தூக்குத் தூக்கிப் போடும். இழையை நெருக்குகிற பலகை ஓங்கி அடிக்கும். மாடியில் தம்ளர் நகரும் சத்தம் எங்களுக்கே கேட்கும். சேகருக்கு இந்த வீட்டில் அண்ணன் கிடையாது. அவர் பாட்டுப் பாடிக்கொண்டு நெய்தார்.

இரண்டு நாள் பார்த்துவிட்டு அவர் மாடியிலிருந்து கீழே இறங்கி வந்தார். முன்னறை வாசலில் நின்றார். தறியை, சட்டத்தை, தேக்கை அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தார். என் நினைவில் அவர் ஒரு மரத்துக்கு அவ்வளவு பக்கத்தில் நின்றது அந்த ஒரு தடவைதான்.

"இந்தச் சத்தத்துல மனுஷன் இருக்க முடியாது. தினம் இப்படித்தான் இருக்குமா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். என் பேச்சுக்கு அவரிடம் மதிப்பில்லை என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டேன். கலா மிதியை நிறுத்தினாள். இழை ஒன்றைச் சேர்த்து முடிந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"பகல்ல சத்தம் இருக்கும் சார். ராவுல சத்தமே இருக்காது. ஆவரேஜ்ல எல்லாம் சரியாப் பூடும்."

பிறகு மிதித்தாள்.

அவர் மாதக் கடைசியில் காலி செய்தார். மகன் வண்டி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனான். அவனைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. கிளம்பும்போது அவர் என்னிடம், "பாத்துக்கோங்க, நல்லாத் தூங்குங்க" என்றார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவும் இல்லை.

கலாவுக்கு இன்னும் தறிக்கூடம் கட்ட முடியவில்லை. மனையில் வெட்டிய அடிக்கட்டைகள் துளிர்த்திருக்கின்றன. தெருக்காரர்கள் இப்போதே எந்தத் துளிர் யாருக்கு என்று பேசிக்கொள்கிறார்களாம், கயிறு கட்ட. முன்னறையில் தறி ஓடுகிறது.

மாடி காலியாகவே இருக்கிறது. வீடு கேட்டு வருகிறவர்களிடம் நான் இரண்டே கேள்விதான் கேட்கிறேன். என்ன வேலை பார்க்கிறீர்கள்? தறிச் சத்தம் ஒத்துக்கொள்ளுமா? அதிலேயே ஆளை முழுசாகத் தெரிந்துகொண்டுவிடுகிறேன். இதுவரைக்கும் என் கணிப்பு ஒன்றுகூடத் தவறியதில்லை. ஒருவரையும் குடிவைக்காததால், தவற வழியும் இல்லை.